காசியம்மாள் காத்த தரை

எங்கள் மொட்டை மாடிக்கு வருகிறவர்கள் படியேறி முடித்ததும் நேரே மலையைப் பார்ப்பார்கள். கை கூப்புவார்கள், போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள், சிலர் அழவும் செய்வார்கள். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்த ஓர் ஆளை நான் கண்டதில்லை. அடுத்தவரைச் சொல்வானேன், மாடிக்குச் சொந்தக்காரனான நானே ஒன்பது வருஷம் பார்க்கவில்லை.

என் பெயர் சக்கரவர்த்தி. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் மூன்று மாடி, பதினோரு அறை கொண்ட தங்கும் விடுதி. அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். எனக்கு முன்கோபம் அதிகம். தங்க வருகிறவர்களிடம் அடக்கிக்கொள்வேன். அடக்கியதை எல்லாம் சேர்த்து வைத்து வேலை செய்கிறவர்கள் தலையில் கொட்டுவேன். இதை இப்போது வெட்கத்தோடு சொல்கிறேன். அப்போது வெட்கமெல்லாம் இல்லை.

காசியம்மாள் எங்களிடம் வேலை கேட்டு வந்தவள் இல்லை, கல்லோடு வந்தவள். மாடி முழுக்க பேவர் பிளாக் பதிக்கலாம் என்று முடிவு செய்து, வேட்டவலம் ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லியிருந்தேன். சாம்பல் நிறமும் சிவப்புமாக, ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிற நெளிவுக் கல். வண்டியில் கல்லோடு நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், மெலிந்த பெண், தலையில் சும்மாடு வைத்து ஐந்தைந்து கல்லாக மூன்று மாடி ஏற்றினாள். மூன்றாம் நாள் மேஸ்திரி கல் பதித்துக்கொண்டிருந்தபோது அவள் சுமையை இறக்கிவிட்டு நின்று பார்த்தாள்.

"வாட்டம் தப்பா இருக்குதுங்க. தண்ணி பைப்பாண்ட போவாது. படிக்கட்டாண்ட வந்து நிக்கும்" என்றாள்.

மேஸ்திரி சிரித்தார். நான் கத்தினேன். உன்னைக் கல் தூக்கக் கூப்பிட்டோமா, யோசனை கேட்கக் கூப்பிட்டோமா என்று. அவள் அடுத்த நடைக்குக் கீழே இறங்கிப் போனாள். பத்தே நாளில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் படிக்கட்டுப் பக்கம் வந்து கணுக்கால் அளவுக்கு நின்றது. கல்லையெல்லாம் பெயர்த்து வாட்டத்தைச் சரிசெய்து மறுபடி பதித்தோம். பட்டறைக்குப் போன் போட்டு அந்த அம்மாளை அனுப்பச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை, மாடியைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த மன்னிப்பு அப்போது அதுதான்.

அவளுக்கு ஊர் அடி அண்ணாமலை. புருஷன் சடையன் கிரிவலப் பாதையில் இளநீர் விற்கிறவர். பட்டறையில் பன்னிரண்டு வருஷம் அச்சில் கலவை போட்டு, தட்டி, எடுத்து அடுக்கி, தண்ணீர் ஊற்றியவள். அதனால் கல்லைப் பற்றிப் பேசும்போது தன் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசுவாள்.

அவள் வேலை செய்வதைச் சும்மா பார்த்தால் ஒன்றும் செய்யாதது போலத்தான் தெரியும். காலையில் வந்ததும் செருப்பைப் படியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு மாடி முழுக்க ஒரு நடை நடப்பாள். கண் எங்கேயோ இருக்கும், சில சமயம் மூடியே இருக்கும். ஏதோ வேண்டுதல் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பாதத்தால் பாசியைத் தேடுகிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. கண்ணுக்குப் பச்சை தெரிவதற்கு நாலைந்து நாள் முன்பே காலுக்கு வழவழப்பு தெரிந்துவிடுமாம். எந்தக் கல் ஆடுகிறது என்பது குதிகாலில் தெரியும். ஆடுகிற கல்லை இரண்டு தட்டைக் கம்பியால் நெம்பி எடுத்து, அடியில் ஒரு பிடி மணல் போட்டு, திரும்ப உட்காரவைத்து, மரக்கட்டையால் நாலு தட்டுத் தட்டுவாள்.

துடைப்பம் அதற்கப்புறம். தண்ணீர் கடைசியில்தான். மண்ணும் சருகும் கிடக்கும்போதே தண்ணீரை ஊற்றினால் எல்லாம் சேறாகி இடுக்கில் இறங்கிவிடும், பாசிக்கு அதுதான் சோறு என்பாள். இடுக்கில் முளைக்கிற புல்லை மழைவிட்ட மறுநாள் பிடுங்குவாள். அப்போதுதான் வேர் முழுசாக வரும். அதற்கென்று நுனி வளைத்த ஒரு பழைய போக்ஸ் கம்பி, சைக்கிள் சக்கரத்திலிருந்து எடுத்தது, வைத்திருந்தாள். பிடுங்கிய இடத்தில் சலித்த எம்-சாண்ட் மணலைத் தூவி, துடைப்பத்தால் குறுக்காகத் தள்ளித் தள்ளி இடுக்கை நிரப்புவாள். மயில் எச்சமும் குரங்கு கடித்துப் போட்ட பழமும் காய்வதற்குள் அவள் கை அங்கே போயிருக்கும். புதுக் கல்லில் உப்பு பூத்து வெள்ளையாகத் தெரிந்தபோது, ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னேன். "ஆசிட்டு கல்லத் தின்னுடும்ணா. இது தானா வெளிய வர்ற உப்பு. காஞ்ச பிரஷ்ல தட்டிவுட்டா போதும், ரெண்டு மழையில கொறஞ்சிடும்" என்றாள். குறைந்தது.

ஆனால் படிக்கட்டுப் பக்கம் இரண்டு கல் மட்டும் வெளுத்து, மணல் தெரியச் சொரசொரவென்று இருக்கும். அது அவள் வேலைக்கு வந்த முதல் வருஷம். இரும்பு நாற்காலியின் துரு இறங்கிக் கல்லில் கறை பிடித்திருந்தது. பித்தளை விளக்குக்குப் பூசுகிற மாதிரி புளியைக் கரைத்து அப்பி, ராத்திரி முழுக்க விட்டுவிட்டாள். மறுநாள் அவளே வந்து சொன்னாள்.

"சிமெண்ட்டுக்குப் புளிப்பு ஆவாதுன்னு தெரிஞ்சும் வெளக்கு தேய்க்கற ஞாபகத்துல பூசிட்டேண்ணா. துரு போவல, கல்லுதான் போச்சு. நான் பண்ண தப்பு."

"சரி, ரெண்டையும் திருப்பிப் போட்டுடு. யாருக்குத் தெரியப் போவுது" என்றேன்.

"வேணாம்ணா. அது அங்கியே கெடக்கட்டும். தெனம் பாத்தாதான் எனக்கு ஞாபகம் இருக்கும்."

இந்தப் பேச்சு அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

போன வருஷக் கார்த்திகைத் தீபத்துக்கு வருகிறேன். என் மகள் வினோதினிக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து வயிற்றில் பிள்ளை, ஐந்தாம் மாதம். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று மலைக்கு எதிரே நூற்றெட்டு அகல் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானம்தான் கடைத்தெருவுக்குப் போய்ப் புது அகல் வாங்கினேன். வந்த கையோடு மாடி நடுவே தரையில் இரண்டு வரிசையாக வைத்து, விளிம்பு தளும்ப நல்லெண்ணெய் ஊற்றினேன். சாமி விளக்கில் கஞ்சத்தனம் கூடாது பாருங்கள். வேண்டுதல் என்பதால் யாரையும் தொடவிடவில்லை. எங்கள் ஊரில் மலையுச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டு விளக்கு. ஆக, அகல்கள் மூன்று மணி நேரம் எண்ணெயோடு காத்திருந்தன. ஐந்தரைக்குக் காற்று எழுந்தது. ஏற்றினால் அணைந்துவிடுமே என்று எல்லாவற்றையும் சுவரோரமாக நகர்த்தினேன்.

சுப்பிரமணி சாரும் வந்திருந்தார். அரக்கோணத்துக்காரர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்து நான்கு வயது. ஏழு வருஷமாகத் தீபத்துக்கு எங்கள் மாடிக்குத்தான் வருகிறார். பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் சுற்ற அவர் முழங்கால் விடாது. தீபம் தெரிந்ததும் படிக்கட்டிலிருந்து வடக்குச் சுவர் வரை வெறுங்காலோடு நடந்துபோய் மலைக்கு நேரே நின்று கும்பிடுவார். முப்பது அடி இருக்கும். அதுதான் அவருக்குக் கிரிவலம்.

ஆறு மணிக்கு உச்சியில் தீபம் தெரிந்தது. ஊர் முழுக்க அரோகரா. நான் விளக்குகளை ஏற்றி முடித்தேன். சார் நடக்க ஆரம்பித்தார். பாதி தூரத்தில் கால் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"பாசி புடிச்ச தரையில மனுஷன் வுழுந்துட்டாரு. வருஷம் பூரா இன்னா கிழிச்ச நீ?" என்று அத்தனை பேர் முன்னால் காசியம்மாளைக் கேட்டேன்.

அவள் சாரின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, ஒரு கையால் தரையைத் தடவிப் பார்த்தாள். "பாசி இல்லண்ணா, இது" என்று ஆரம்பித்து நிமிர்ந்தாள். எனக்குப் பின்னால் வினோதினி வயிற்றில் கை வைத்தபடி நின்றிருந்தாள். காசியம்மாள் அவளைப் பார்த்தாள். சுவரோரம் எரிந்துகொண்டிருந்த விளக்குகளைப் பார்த்தாள். அப்புறம், "என் தப்புதாண்ணா" என்றாள்.

மறுநாள் காலையில் போனால் மாடி நடுவே வட்ட வட்டமாகக் கோலமாவு கொட்டியிருந்தது. அதற்கும் ஒரு கத்து கத்தினேன், அங்கே ஒருத்தர் கை உடைந்து கிடக்கிறார், உனக்குக் கோலம் கேட்கிறதா என்று. பொங்கல் முடிந்ததும் கல்லையெல்லாம் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடப்போகிறேன், துடைக்க ஒரு ஆள் போதும், நீ பட்டறைக்கே போய்விடு என்றும் சொன்னேன்.

அவள் மாவைக் கூட்டி அள்ளி ஓரமாக வைத்துவிட்டு வந்தாள். "அடுத்த தீபம் வரைக்கும் தவண குடுங்கண்ணா. அந்த சாரு மறுபடி வரட்டும். இதே தரையில வெறுங்காலோட நடந்து செவுத்தாண்ட போயி கும்புடட்டும். அப்ப வழுக்குச்சின்னா டைல்ஸ் போட்டுக்குங்க. நானும் இந்த மாடி ஏற மாட்டேன்" என்றாள்.

டைல்ஸ்காரர் வேறு வேலையில் மாட்டியிருந்ததால் நானும் சரி என்றேன். என் பெருந்தன்மை அவ்வளவுதான். அவள் என் போனிலிருந்தே சுப்பிரமணி சாருக்குப் பேசினாள். "அடுத்த வருசமும் வாங்க சார். தரைக்கு நான் பொறுப்பு" என்றாள். அவர் ஏதோ கேட்டார். அவள் போனை எடுத்துக்கொண்டு தண்ணித் தொட்டிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தாள்.

பங்குனியில் பேரன் பிறந்தான். பார்க்க வந்த காசியம்மாள் குழந்தையைக் கையில் வாங்கி, விரல் விரலாக எண்ணிப் பார்த்து, நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துவிட்டு, மறுநாளே மாடியில் ஏதோ இலை கிடந்ததற்கு வழக்கம்போல ஏசினேன். அந்த வருஷம் முழுக்க அவளை ஏசுவதற்கு எனக்குக் காரணமே தேவைப்படவில்லை. "பாசியில ஆளத் தள்ளினவ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன்.

ஐப்பசியில் நான் ஒரு உதவி வேறு செய்தேன். கார் கழுவுகிற பிரஷர் மெஷினை வாடகைக்கு எடுத்துவந்து, அவள் இல்லாத நாளில் மாடியை நானே பீய்ச்சி அடித்தேன். தரை பளிச்சென்று ஆயிற்று. கூடவே இடுக்கில் இருந்த மணலும் மொத்தமாகக் கிளம்பிக் குழாய் வழியே போய்விட்டது. அடுத்த மழைக்குக் கல்லெல்லாம் பல் ஆடுகிற மாதிரி ஆடின. அவள் வந்து பார்த்தாள். நாலு நாள் மணலைக் காயவைத்துச் சலித்து, ஒவ்வொரு இடுக்காக நிரப்பினாள். "இன்னும் முப்பது நாள் இருக்குதுண்ணா. ஆய்டும்" என்றாள்.

இந்த வருஷத் தீபத்தன்று கூட்டத்துக்காக வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். காசியம்மாள் நடந்து வந்தாள். அடி அண்ணாமலையிலிருந்து எங்கள் சந்துக்கு ஆறு கிலோமீட்டர். ஆனால் அது கிரிவலத்துக்கு எதிர்த்திசை. அதனால் கிரிவலத் திசையிலேயே மலையைச் சுற்றி எட்டு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தாள்.

"இன்னிக்கின்னு பாத்து எதிர்ல வருவாங்களாண்ணா? இப்பிடி வந்துட்டேன். வேல முடிஞ்சி இப்பிடியே நேரா ஊட்டுக்குப் போனா ஒரு சுத்து ஆய்டும்" என்று சொல்லிவிட்டு, "அகலு எங்க?" என்று கேட்டாள்.

பேரன் பிறந்ததற்கு நன்றியாக இந்த வருஷமும் நூற்றெட்டு வாங்கி வைத்திருந்தேன். இந்த முறையும் என் கையால்தான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், அவள் அத்தனையையும் இரண்டு பெரிய டப்பில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டாள். அகல்களிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பி, மெல்லிய சத்தம் வந்தது.

"எதுக்கு இத தண்ணியில போடற?"

"புது அகலுண்ணா. மொதல்ல தண்ணி குடிக்கணும். இல்லன்னா எண்ணெயக் குடிச்சி அடியில கக்கிடும்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு சட்டென்று வாயை மூடிக்கொண்டு, குனிந்து டப்பைக் கிளறினாள். நான் அந்தக் குமிழிகளைப் பார்த்தபடி நின்றேன். ஊறப்போடாத நூற்றெட்டு அகல். தளும்பத் தளும்ப எண்ணெய். மூன்று மணி நேரம். நகர்த்தி வைத்தேனே, முதலில் வைத்திருந்த இடத்தில் ஒவ்வொரு அகலுக்கும் அடியில் ஒரு எண்ணெய் வட்டம் இருந்திருக்கும். அந்த வட்டங்களின் மேல்தான் சுப்பிரமணி சார் கால் வைத்தார். மறுநாள் வட்ட வட்டமாகக் கிடந்த மாவு கோலம் இல்லை. கல்லுக்குள் இறங்கிய எண்ணெயை உறிஞ்சி எடுக்கப் போட்டது.

"காசிம்மா, போன வருஷம்..." என்றேன்.

"அத வுடுங்கண்ணா. அகல எடுத்துக் காய வெக்கணும், மணி ஆவுது."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

அவள் டப்பிலிருந்து கையை எடுக்காமலேயே சொன்னாள். "பாப்பா வயித்துல புள்ளயோட நின்னுச்சி. வேண்டுதல் வெளக்கால ஒருத்தரு வுழுந்து கை ஒடஞ்சிதுன்னா, புள்ள பொறக்கற வரைக்கும் நீங்களும் தூங்க மாட்டீங்க, அதுவும் தூங்காது. பாசின்னா என்மேல ஒரு நாள் கத்துவீங்க, போய்டும்."

ஒரு நாள் இல்லை, ஒரு வருஷம் கத்தியிருக்கிறேன். அவள் சொன்னது சரி என்பது வேறு உறைத்தது. அன்று உண்மை தெரிந்திருந்தால் அபசகுனம் என்று நடுங்கியிருப்பேன், வினோதினியையும் நடுங்க வைத்திருப்பேன். விழுந்தவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு நொடியில் இவ்வளவையும் யோசித்து, பழியைத் தன் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். கல் தூக்கிய தலைதானே என்று நினைத்தாளோ என்னவோ. எனக்குப் பிரமிப்பாக இருந்தது. டப்பில் கையை விட்டு, ஊறிய அகல்களை அவளோடு சேர்ந்து எடுத்து வைத்தேன்.

சாயங்காலம் சுவரோரம் நூற்றெட்டு சின்ன வட்டமாகக் கோலமாவைப் போட்டு, அதன்மேல் அகல்களை வைத்தாள். கசிந்தால் மாவு குடித்துக்கொள்ளும். எண்ணெய் முக்கால் அளவுதான் ஊற்றவிட்டாள். சுப்பிரமணி சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். வளைந்து கூடிய மணிக்கட்டு தெரிந்தது. வினோதினி குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள்.

ஆறு மணிக்கு உச்சியில் தீபம் தெரிந்தது. அரோகரா என்று ஊரே எழுந்தது. எல்லாரும் வடக்கே பார்த்துக் கையை உயர்த்தினோம். விளக்குகளை ஏற்றினேன். திரும்பிப் பார்த்தால் காசியம்மாள் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டி, முழங்கால் போட்டு, கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்திருந்தாள். என்ன செய்கிறாள் என்று நானும் பக்கத்தில் குனிந்தேன்.

"காஞ்ச கல்லு வெளக்கு வெளிச்சத்துல மினுக்காதுண்ணா. எண்ணெ பட்ட எடம்தான் மினுக்கும்" என்றாள் மெதுவாக.

தரை முழுக்க மங்கலாகக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு இடம், உள்ளங்கை அளவு, பளபளத்தது. ஏற்றுகிற விளக்கைக் கையில் தூக்கிக்கொண்டு நான் குறுக்கே ஓடியபோது சிந்தியது. இந்த வருஷமும் நான்தான். அவள் மடியிலிருந்து ஒரு பிடி மாவை எடுத்து அதன்மேல் அமுக்கி, துணியால் துடைத்து, மறுபடி மாவு போட்டு, மறுபடி துடைத்து, தன் பாதத்தை வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள். பிறகுதான் எழுந்து, "வாங்க சார்" என்றாள்.

அவர் கைப்பிடியை விட்டார். ஒவ்வொரு அடியாக நடந்தார். பாதி தூரம் வந்ததும் ஒரு கணம் நின்றார். நாங்கள் யாரும் மலையைப் பார்க்கவில்லை, அவர் காலைத்தான் பார்த்தோம். திரும்ப நடந்தார். சுவரைத் தொட்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். காசியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நான் அவரிடம் போனேன். எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன். "சார், போன வருஷம் நீங்க வுழுந்தது பாசியில இல்ல. என் வெளக்கு எண்ணெயில. இவ மேல தப்பே கெடையாது."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தபடியே பேசினார். "தெரியும்ங்க. ஆஸ்பத்திரியிலயே வேட்டி பூரா நல்லெண்ணெ வாசன. போன்ல இந்தம்மாவக் கேட்டேன். கொழந்த பொறக்கற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க சார்னாங்க. பொறந்தப்பறம் சொல்லிடலாமான்னு கேட்டேன். இனிமே எதுக்கு சார், அவரு மனசு கஷ்டப்படும்னுட்டாங்க."

தீபம் பார்த்தால் மலையை நோக்கி விழுந்து கும்பிடுவது எங்கள் வழக்கம். நானும் விழுந்தேன். மலைக்கும் எனக்கும் நடுவில் காசியம்மாள் நின்றிருந்தாள்.

"இருங்கண்ணா, தள்ளிக்கறேன்" என்று பதறினாள்.

"நகராத" என்றேன்.

நெற்றி கல்லில் பட்டது. அவள் தண்ணீர் ஊற்றி வளர்த்து, தலையில் சுமந்து, ஒன்பது வருஷம் காலால் தடவித் தடவிக் காத்த கல். எழுந்திருக்க மனம் வராமல் அப்படியே கிடந்தேன். நான் ஏன் கிடக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவள் குனிந்து கேட்டது ஒன்றுதான்.

"தரை ஈரமா இருக்குதாண்ணா?"

"இல்ல காசிம்மா. காஞ்சிருக்கு" என்றேன்.